இரவு 11 மணிக்குப் போகும் பணம்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. அவருக்கு இருப்பது பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் தவிக்கும் மனநோய்) என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் மனநல மருத்துவர் சொன்னார். தனியாக இருக்கிறார். மாதச் செலவுக்கு நான்தான் அனுப்புகிறேன். அது போக, திடீர் திடீரென்று பணம் கேட்பார். தயங்கினால் “நீயும் என்னைக் கைவிட்டுட்டே” என்று ராத்திரி முழுக்க போன் வரும். இதற்காகவே ஒரு பர்சனல் லோன் வாங்கினேன். இப்போது டாப்-அப்போடு, அதாவது பழைய பாக்கிக்கு மேல் கூடுதல் தொகையும் சேர்த்து, புது லோன் தருகிறேன் என்கிறது வங்கி. பழையதை அடைத்துவிட்டு, மீதியை அம்மாவிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் நிம்மதி கிடைக்குமா? இஎம்ஐயும் குறைகிறது. அண்ணனும் “அம்மாதானே, கொடு” என்கிறான்.

பதில்: பட்ஜெட் போடுங்கள், சிக்கனமாக இருங்கள் என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஒரு வருடக் கணக்கை வரிவரியாக அனுப்பியவருக்கு அதெல்லாம் தெரியும். அந்தக் கணக்கில் என் கண்ணில் பட்டது தொகை இல்லை, நேரம். கடந்த 12 மாதங்களில் வழக்கமான பணம் தவிர 11 முறை அனுப்பியிருக்கிறீர்கள். அதில் 9 முறை இரவு 10 மணிக்கு மேல். ஒரே இரவில் 10:50க்கு ஒன்று, 11:35க்கு இன்னொன்று. இரண்டாவது தொகை முதலாவதைப் போல இரண்டு மடங்கு.

இங்கேதான் கோளாறு. அம்மாவுக்குப் பணம் கொடுப்பதில் தப்பே இல்லை. அழுகையின் அளவைப் பார்த்துத் தொகையைத் தீர்மானிக்கிறீர்களே, அதுதான் தப்பு. சில நாள் மறுத்து, சில நாள் இளகிக் கொடுத்தால் கேட்பது இன்னும் இறுகும். எப்போதாவது விழும் பரிசுதான் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டிவிட்டார். உங்கள் வீட்டில் பழகிப்போனவர் அம்மா மட்டுமல்ல. பணம் போனதும் போன் அடங்குகிறது. அந்த அமைதிக்குத்தான் நீங்களும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகையும் வீட்டுச் செலவும் 55. லோன் இஎம்ஐ 22. அம்மாவுக்கு மாதாமாதம் 10. அந்த 11 தடவை அனுப்பியதை மாதத்துக்குப் பிரித்தால் 15. கூட்டினால் 102. அந்த 2 கிரெடிட் கார்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்போது வங்கி நீட்டும் லோன். சம்பளம் 100 என்ற அதே அளவில் உங்கள் பழைய பாக்கி 300, வட்டி 24 சதவீதம். இதே இஎம்ஐயில் சுமார் 16 மாதத்தில் முடிந்துவிடும். இனி கட்ட வேண்டியது ஏறக்குறைய 350. புதுசு 500, வட்டி 18 சதவீதம், 5 வருடம். இஎம்ஐ 13க்குக் கீழே வரும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். மொத்தம் கட்டுவது 760. அதாவது அம்மா கையில் 200 கொடுப்பதற்காக நீங்கள் கூடுதலாக 410 கட்டுகிறீர்கள். கூடவே ‘லோன் பாதுகாப்பு’ என்று ஒரு இன்சூரன்ஸையும் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வட்டியைக் குறைத்துச் சொல்கிறவர்கள் அதை எங்கே திரும்ப எடுக்கிறார்கள் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். வேண்டாம்.

அந்த 200 எத்தனை நாள் தாங்கும்? யோசிக்காமல் செலவழிப்பது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. கைவிடப்படுவோமோ என்ற பயமும் அப்படித்தான்; அம்மா நடிக்கவில்லை, அந்த நேரத்தில் அவருக்கு அது நிஜம். ஆனால் அந்தப் பயத்தை மொத்தப் பணம் ஆற்றாது.

என் யோசனை இது. அம்மாவுக்கு அனுப்பும் 10ஐ 14 ஆக்குங்கள். ஆமாம், கூட்டத்தான் சொல்கிறேன். மாதம் இரண்டு தவணை, தேதி மாறாமல், தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். அப்புறம் ஒரு 4 சிகிச்சைக்கு. அதை நேரே சிகிச்சையாளருக்கே கட்டுங்கள். இந்த நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது, பேச்சு சிகிச்சைதான் பிரதானம். உளவியலாளர் மார்ஷா லினெஹான் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, அதாவது கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் பேச்சு சிகிச்சை, இதற்கென்றே வந்தது. வயதாகிவிட்டது, இனி என்ன என்று விட்டுவிடாதீர்கள். காலப்போக்கில் பலருக்கு நன்றாகவே தணிகிறது. மிச்சம் 5 அவசரத்துக்கு. அதிலிருந்து எடுப்பதானால் பகலில், பில்லைப் பார்த்து, கடைக்கோ மருத்துவமனைக்கோ நேராக. இதோடு 100 முடிந்தது. அம்மாவின் லோன் எதற்கும் ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

முதல் சில வாரங்கள் போன் அதிகமாகும், குறையாது. அப்போது ஒரு தடவை இளகினாலும் பழைய கதைதான். “5ஆம் தேதி வந்துடும்மா. இப்ப சொல்லுங்க, என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டு, அவர் பேசுவதைக் கேளுங்கள். பணத்தைத்தான் நிறுத்துகிறீர்கள், பேச்சை அல்ல.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். செத்துப்போகிறேன் என்று சொன்னால் அதை மிரட்டல் என்று ஒதுக்கவும் வேண்டாம், பணம் அனுப்பி அடக்கவும் வேண்டாம். உடனே அவசர மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு இரவு வந்தால் யாருக்கு முதலில் போன் செய்வது என்று மருத்துவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் விஷயம். சிகிச்சைக்கான அந்த 4ஐ அவரிடம் கேளுங்கள். மொத்தமாக வேண்டாம், மாதாமாதம்.