மூக்கு லாரி கேள்வி பதில்: எது எந்த வண்டி, எப்படி எழுப்புறது

வட ஆற்காட்டுப் பக்கம் தோட்டத்துலயும் ரைஸ் மில் பின்னாடியும் நிக்கிற, எஞ்சின் மூடி முன்னாடி மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற பழைய மூக்கு லாரிகளைப் பத்தின கேள்விகளுக்கு இன்னைக்குப் பதில். ரெண்டு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். விலை சொல்ல மாட்டேன். சேசிஸ் நம்பர் இருக்கிற இடத்துல கிரைண்டர் வைக்காதீங்க.

போளூர்: மில்லுக்குப் பின்னாடி ஒரு மூக்கு லாரி நிக்குது சார். முகப்புல பென்ஸ் ஸ்டார், கேபின் முழுக்க மரம். இது பென்ஸா, டாட்டாவா? எந்த வருஷம்?

ஸ்டாரை வச்சு முடிவு பண்ணாதீங்க. டெல்கோவும் (டாட்டாவோட லாரி கம்பெனி) டைம்லர்-பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூர்ல லாரி செஞ்சது 1954ல இருந்து 1969 வரைக்கும். அந்தக் காலத்து வண்டியிலதான் ஸ்டார் வரும். ஆனா அதுக்கப்புறம் வந்த டாட்டாவுலயும் ஆசைப்பட்டு ஸ்டார் மாட்டினவங்க உண்டு. கேபினும் சாட்சி சொல்லாது. கம்பெனியில இருந்து முகப்பும் சேசிஸும் மட்டும் வரும். மரக் கேபினையும் பாடியையும் உள்ளூர் ஆசாரி கட்டுவார். ஒரே வண்டிக்கு ரெண்டு மூணு கேபின் மாறியிருக்கும்.

முதல்ல சேசிஸ், அடுத்து பின் அச்சு ஹவுசிங்கும் கியர் பாக்ஸும், அப்புறம் எஞ்சின், கடைசியாத்தான் கேபின். நம்பற வரிசை இதுதான். வலப்பக்க சேசிஸ் சட்டத்தோட முன்பகுதியில நம்பர் அடிச்சிருக்கும். மண்ணெண்ணெய் தடவி ஒரு ராத்திரி விட்டு, பித்தளை பிரஷ்ஷால தேய்ங்க. பெயிண்ட் கெட்டியா இருந்தா ரிமூவர் போடுங்க. மேலே சாக்பீஸ் தேய்ச்சாலே எழுத்து எழும்பும். பேப்பர் வச்சு பென்சில் பிரிண்ட் எடுத்துட்டு அப்புறம் மத்த வேலையைப் பாருங்க.

எஞ்சினுக்கு ஒரு அளவுக் கணக்கு இருக்குது. ஹெட்டைக் கழட்டினா பிஸ்டன் மேலயும் கீழயும் எவ்வளவு ஓடுதுன்னு வெர்னியர் வச்சு அளங்க. போர் (சிலிண்டர் விட்டம்) தேயும், ரீபோர் ஆகும், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடற தூரம்) மாறாது. பழைய பென்ஸ் 312 எஞ்சின் 90 மி.மீ. போர், 120 ஸ்ட்ரோக். டாட்டா 692ம் 120 ஸ்ட்ரோக்தான், போர் 92. 697 வந்தா 97க்கு 128. 692, 697ங்கற பேரே 6 சிலிண்டர், 92, 97 மி.மீ. போர்னு சொல்லுது. 312ல ஹீட்டர் பிளக் இருக்கும். நேரடியா டீசல் அடிக்கிற 692ல இருக்காது. ஹெட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய வித்தியாசம் இதுதான். ரெண்டுக்கும் நாசில் (டீசலைத் தெளிக்கிற பாகம்) வேற வேற, மாத்திப் போட்டுடாதீங்க.

ஆம்பூர்: தோல் ஏத்தின லாரி அண்ணா. வெளியில நல்லா இருக்குது, சேசிஸ் சட்டம் மட்டும் ரெண்டு தகட்டுக்கு நடுவுல புடைச்சிருக்குது. பெயிண்ட் அடிச்சாப் போதுமா?

போதாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வண்டிகள்ல இதுதான் பெரிய நோய். உப்புப் போட்ட பச்சைத் தோல்ல இருந்து வடியற தண்ணி, இரட்டைச் சட்டத்துக்கு நடுவுல போய்த் தங்கிடும். அங்க துரு ஏற ஏற இரும்பு உப்பி ரிவெட்டையே இழுக்கும். அதுதான் நீங்க பார்க்கிற புடைப்பு. மேலே பெயிண்ட் அடிச்சா அடுத்த மழைக்காலத்துலயே கொப்புளம் வரும்.

பாடியை இறக்குங்க. வாட்டர் சர்வீஸ்ல நல்ல தண்ணி விட்டு, காயவிட்டு, மறுபடி கழுவுங்க. நாலஞ்சு தடவையாவது. காய்ஞ்சப்புறம் வெள்ளைப் பூச்சு படியற வரைக்கும் உப்பு போகலைன்னு அர்த்தம். சுத்தியால தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும். மொத்துன்னு கேட்டா அந்த ரிவெட்டை எடுத்து, உள்தகட்டைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, ரெட் ஆக்சைடு அடிச்சு மூடணும். ரிவெட் எடுத்த ஓட்டையை ரீமர் (ஓட்டையைச் சீராப் பெருசாக்கற கருவி) போட்டு இறுக்கமா உட்கார்ற 8.8 கிரேடு போல்ட் போடுங்க. சட்டத்தோட மேல் கீழ் மடிப்புல வெல்டிங் வேண்டாம், புது ஓட்டையும் வேண்டாம். லோடு ஏறினா விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். கமான் பட்டை மாட்டற ஹேங்கருக்கு உள்பக்கமும் பாருங்க, உப்பு அங்கயும் ஒளிஞ்சிருக்கும்.

வாணியம்பாடி: எஞ்சின் ஜாம். டிராக்டர்ல கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணலாமா?

கூடாது. சிலிண்டர்ல தண்ணி நின்னிருந்தா அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். ரிங் ஒட்டியிருந்தா உடையும்.

நாசில் எல்லாத்தையும் கழட்டுங்க. டீசலும் ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊத்தற ஆயில்) பாதிக்குப் பாதி கலந்து, சிலிண்டருக்கு 50 மில்லி விடுங்க. 312 மாதிரி ப்ரீ-சேம்பர் எஞ்சின்ல (டீசல் முதல்ல ஒரு சின்ன அறையில எரியற எஞ்சின்) மெதுவாத்தான் இறங்கும், ரெண்டு மூணு தவணையா விடணும். 7லிருந்து 10 நாள் ஊறட்டும். அப்புறம் கிராங்க் நட்டுல சாக்கெட், 3 அடி பைப் போட்டு, முதல்ல பின்பக்கமா, அப்புறம் முன்பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா அசைங்க. அசையலைன்னா ஹெட்டைக் கழட்டணும். பைப்பை நீட்டிக்கிட்டே போகாதீங்க. சுத்தினதும் ராக்கர் கவரைத் திறந்து ஒவ்வொரு வால்வும் ஏறி இறங்குதான்னு பாருங்க. ஊத்தின கலவை எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் சேம்பருக்கு இறங்கியிருக்கும், அதை வடிச்சிட்டுப் புது ஆயில் ஊத்துங்க. நாசில் இல்லாமலே செல்ஃப் அடிச்சு ஆயில் பிரஷர் வந்தப்புறம்தான் நாசில் மாட்டணும்.

குடியாத்தம்: லேலண்ட் காமெட் லாரி ஒண்ணு இருக்குது. என்ன விலை போகும்?

விலை சொல்றதில்லை.

ஆரணி: ஐயா, என்கிட்ட ஒரு ஃபார்கோ லாரி. பி6 டீசல் எஞ்சின் இருக்குது. ஒரிஜினலுக்கு பெட்ரோல் எஞ்சின் தேடணுமா?

முதல்ல, ஃபார்கோவும் டாட்ஜும் பேர்லதான் வேற. பம்பாய்ல பிரீமியர் கம்பெனி செஞ்ச ஒரே குடும்பம். அதனால டாட்ஜ் சாமான் தேடறதுல தயங்காதீங்க. இருக்கிறது பி6தானான்னு உறுதி பண்ண, போர் 89க்கு ஸ்ட்ரோக் 127 மி.மீ., டைமிங் சங்கிலியில ஓடும். மாத்தணுமான்னா, மாத்தாதீங்க.

ராணிப்பேட்டை: இதை ஒத்துக்க முடியாது சார். பெட்ரோலா பொறந்த வண்டி பெட்ரோலாத்தான் நிக்கணும். டீசல் போட்டது காசு மிச்சம் பிடிக்க. அதுக்கு என்ன மரியாதை?

காசு மிச்சம் பிடிச்சதுதான் லாரியோட வரலாறு. இது ஊர்வலக் கார் இல்லை. நெல்லும் வேர்க்கடலையும் ஏத்தி டீசல் கணக்குப் பார்த்த வண்டி. பெர்கின்ஸ் லைசென்ஸ்ல பி6 எஞ்சினை மெட்ராஸ்ல சிம்சன் செஞ்சதாலதான் நம்ம பக்கம் இத்தனை மூக்கு லாரி ரோட்டுல நின்னுது. அதைக் கழட்டி எறிஞ்சா நீங்க அழிக்கிறது நம்ம ஊர் சாட்சியத்தை.

காட்பாடி: கம்பெனியே டீசல் போட்டு வித்துச்சே அண்ணா. அப்போ பெட்ரோலா பொறந்ததுன்னு எப்படிச் சொல்றது?

சரியான கேள்வி, ராணிப்பேட்டைக்காரரும் கேளுங்க. ஆர்.சி.யில எரிபொருள் என்னன்னு பாருங்க, திருத்தம் இருக்குதான்னும் பாருங்க. ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) சோக் கேபிள் ஓட்டை, இக்னிஷன் காயில் மாட்டின ஸ்க்ரூ ஓட்டை இருந்தா அது பெட்ரோல் வண்டி. எஞ்சின் மவுண்ட் பிராக்கெட் ரிவெட் அடிச்சிருந்தா கம்பெனி வேலைன்னு பெரும்பாலும் நம்பலாம். வெல்டிங்கும் ஒழுங்கில்லாத ஓட்டையும் பட்டறை வேலை. ஆரணிக்காரர் பார்த்துச் சொல்லட்டும்.

ராணிப்பேட்டை: பட்டறை வேலைன்னு தெரிஞ்சாலும் வச்சுக்கணுமா?

ஆமா. ஒழுங்கா செஞ்ச பட்டறை வேலையா இருந்தா வச்சுக்கணும். ஆனா பி6லயும் பழைய பென்ஸ்லயும் ஒரு ஆபத்து இருக்குது. காற்றுக் கவர்னர், அதாவது காத்து இழுப்பால எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தற பாகம். இன்டேக் குழாய்ல இருந்து மெல்லிசா ஒரு பைப் டீசல் பம்புக்குப் போகும். உள்ள ஒரு டயாஃப்ரம் (மெல்லிசு சவ்வு) இருக்கும், பழசுல அது தோல். காய்ஞ்சு கிழிஞ்சா எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் முழு டீசல் இழுத்துக் கட்டுக்கு மீறி ஓடும், வெடிச்சுச் சிதறலாம். சோதிக்க: அந்தப் பைப்பைக் கழட்டி, பம்பு ராடை நிறுத்தற பக்கம் தள்ளி, ஓட்டையைக் கட்டை விரலால அடைச்சுட்டு ராடை விடுங்க. கொஞ்சம் நகர்ந்து நிக்கணும். நேரா ஓடிப் போனா டயாஃப்ரம் போச்சு. முதல் ஸ்டார்ட்டுக்கு ஒருத்தர் இன்டேக் வாய் பக்கத்துல கனமான பலகையோட நிக்கணும். துணியோ கையோ வேண்டாம், உள்ள இழுத்துடும்.

பேரணாம்பட்டு: டயாஃப்ரத்துக்கு நம்ம டேனரி தோலையே வெட்டிப் போடலாமா?

வேண்டாம். சீரான கனமும் காத்து கசியாத தன்மையும் வேணும். பம்பு நம்பரைச் சொல்லி பம்பு நாசில் கடையில வாங்குங்க.

திருப்பத்தூர்: இழுத்து ஸ்டார்ட் பண்ணலாமா?

வாணியம்பாடிக்குச் சொன்னதைப் படிங்க.

செய்யாறு: பழைய 9.00-20 டயர், லாக் ரிங் (டயரைப் பிடிச்சு நிறுத்தற இரும்பு வளையம்) ரிம். பஞ்சர் கடையில குடுத்தாப் போதுமா?

எந்த நட்டையும் தொடறதுக்கு முன்னாடி வால்வு ஊசியை எடுத்துக் காத்தை முழுசா விடுங்க. ரிங் துருவா, வளைஞ்சு இருந்தா பயன்படுத்தாதீங்க. காத்து அடிக்கும்போது ரிங் பறந்தா ஆளையே கொல்லும். கூண்டுக்குள்ள வச்சு, நீளமான ஹோஸ்ல, பக்கவாட்டுல நின்னு அடிக்கணும். இடப்பக்கச் சக்கர நட்டுல எல் எழுத்து இருந்தா அது எதிர்த் திருகு. பிரேக் டிரம் கழட்டினா தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், தண்ணி தெளிச்சுத் துடைங்க.

வேலூர்: விண்டேஜ் பதிவு, வி.ஏ. நம்பர் கிடைக்குமா?

லாரிக்குக் கிடைக்காது. 2021ல வந்த அந்த விதி 50 வருஷம் தாண்டின இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) இல்லைன்னா பதிவே செல்லாததாத்தான் சட்டம் பார்க்கும். ஆர்.சி., சேசிஸ் பிரிண்ட் ரெண்டையும் எடுத்துக்கிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க. பாகம் பாகமா வாங்கிச் சேர்த்தவங்க, ஆர்.சி.யும் சேசிஸ் நம்பரும் ஒத்துப் போகுதான்னு கவனமா பாருங்க.

கண்ணமங்கலம்: துருவை எடுக்க மணலை வேகமா அடிக்கிற சாண்ட் பிளாஸ்ட் பண்ணலாமா? பாலாத்து மணல் இருக்குது.

மணல் தூசி நுரையீரலைக் கெடுக்கும், மணல் கூடவே கூடாது. மணலுக்குப் பதிலா காப்பர் ஸ்லாக் (செம்புக் கசடு) போடற இடத்துல சேசிஸ் மட்டும் குடுங்க. மெல்லிசுத் தகட்டுல வேண்டாம், வளைஞ்சிடும். நம்பர் இருக்கிற இடத்தை ரப்பர் ஷீட்டால மூடுங்க.

குடியாத்தம்: காமெட் ஃபோட்டோ அனுப்பியிருக்கேன், விலை மட்டும்...

ஃபோட்டோவுல எஞ்சின் பிளேட் தெளிவா இருக்குது, 370னு போட்டிருக்குது. அது கன அங்குலம், சுமார் 6 லிட்டர். இதுக்கு மேல விலை கேக்காதீங்க.

ஆரணி: பார்த்துட்டேன் ஐயா. ஃபயர்வால்ல ரெண்டு சின்ன ஓட்டை, பிளாஸ்டிக் அடைப்பு வச்சிருக்குது. மவுண்ட் பிராக்கெட் போல்ட்டுதான், வெல்டிங் இல்லை. ஆர்.சி.யில பெட்ரோலை அடிச்சுட்டு டீசல்னு எழுதி சீல் வச்சிருக்காங்க.

அப்போ பெட்ரோலா பொறந்து, ஒழுங்கா மாத்தி, பதிவும் ஆன வண்டி. பி6ஐயே வைங்க. ஃபயர்வால் ஓட்டைகளை வெல்டு பண்ணி மூடாதீங்க, ரப்பர் குரோமெட் போட்டு விடுங்க. பிராக்கெட் போல்ட் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து, ஓட்டை ஓவலா தேய்ஞ்சிருக்குதான்னு பாருங்க. தேய்ஞ்சிருந்தா ரீமர் போட்டு அடுத்த சைஸ் போல்ட். அதுக்கு முன்னாடி கவர்னரைச் சோதிங்க.