மாத்திரையை நிறுத்த இதுவா நேரம்?

கேள்வி: எனக்கு வயது 32. தைராய்டு குறைபாட்டுக்கு நான்கு ஆண்டுகளாக லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் சாப்பிட்டு வருகிறேன். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தைராய்டு இருந்தால் கரு தங்காது என்கிறார்கள் உறவினர்கள். முட்டைக்கோசும் சோயாப் பாலும் ஆகாது என்கிறார்கள். முடியும் கொட்டுகிறது. இரண்டு மாதங்களுக்கு முன் எடுத்த சோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் சுரப்பு; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 2.1, டிபிஓ எதிர்ப்பொருள் (தைராய்டுச் சுரப்பியையே தாக்குவது) அதிகம். இப்போது மாதவிலக்கு பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. மாத்திரை கருவைப் பாதிக்கும் என்று இணையத்தில் படித்ததால் ஆறு நாள்களாக நிறுத்தியிருக்கிறேன். என்ன செய்வது?
வாசகி, செங்காங்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிகள் முதலில் வந்திருக்க வேண்டும். அவை இந்தப் பக்கம் வெளிவரும்வரை காத்திருக்கக்கூடியவை அல்ல என்பதால் உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பிவிட்டேன்; இங்கே எழுதுவது இதே தவற்றைச் செய்யவிருக்கும் மற்றவர்களுக்காகவும்தான்.

மாத்திரையை இன்றே மீண்டும் தொடங்குங்கள். மருந்துக்கடையில் கர்ப்பச் சோதனைப் பட்டை வாங்கி இன்றே பாருங்கள். கரு உறுதியானால் அடுத்த வேலைநாளிலேயே உங்கள் மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ அழைத்து, "நான் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன், கருவுற்றிருக்கிறேன்" என்று சொல்லி டிஎஸ்எச் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். மூன்று வாரம் கழித்துக் கிடைக்கும் மகப்பேற்று மருத்துவரின் முன்பதிவுக்காக இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஏன் இந்த அவசரம் என்றால், வயிற்றில் வளரும் சிசுவின் தைராய்டுச் சுரப்பி ஏறக்குறைய 12 வாரம்வரை தனக்கு வேண்டிய சுரப்பைத் தானே உண்டாக்குவதில்லை. அதற்குப் பின்னும் கருக்காலத்தின் பாதிவரை தாயிடமிருந்து வருவதையே பெரிதும் நம்பியிருக்கிறது. மூளை உருவாகும் காலமும் அதுவே. நல்ல சுரப்பி உள்ள பெண்ணுக்குக் கருத்தரித்த சில வாரங்களிலேயே உற்பத்தி தானாகக் கூடிவிடும். உங்கள் சுரப்பியால் அது முடியாது என்பதால் மாத்திரைதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இந்தத் தேவை நான்கு முதல் ஆறு வாரத்துக்குள்ளேயே உயரத் தொடங்குகிறது. நீங்கள் கருவுற்றிருந்தால், பத்து நாள் தள்ளிப்போயிருப்பதால், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் மருத்துவக் கணக்கில் உங்களுக்கு ஐந்து வாரம் கடந்துவிட்டது. அளவைக் கூட்ட வேண்டிய அதே வாரத்தில் நீங்கள் மாத்திரையையே நிறுத்தியிருக்கிறீர்கள்.

லெவோதைராக்சின் உடலுக்கு அந்நியமான மருந்தன்று. உங்கள் கழுத்துச் சுரப்பி சுரக்க வேண்டியதன் அதே வடிவம். இணையத்தில் நீங்கள் படித்தது பெரும்பாலும் கார்பிமசோல் பற்றியதாக இருக்கும். அது தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்கானது, கருவின் தொடக்க வாரங்களில் உண்மையாகவே கவலைக்குரியது. அதைச் சாப்பிடுபவர்கள் மாதவிலக்கு தள்ளிய அன்றே மருத்துவரை அழைக்க வேண்டுமே தவிர, தாமாக நிறுத்தக் கூடாது. பெயரில் தைராய்டு என்ற சொல் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்கிவிடும் கட்டுரைகளைப் படித்துவிட்டு வருபவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

ஆறு நாள் இடைவெளிக்காக அழ வேண்டாம். இம்மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரமாகும். இனி விடக்கூடாது, அவ்வளவுதான். கரு உறுதியானதும் வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது, அதாவது இரண்டு நாள்கள் மட்டும் இரட்டிப்பாகச் சாப்பிடச் சொல்வது பரவலான நடைமுறை. உங்களுக்கும் அதுதானா என்று அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள். பிறகு கருக்காலத்தின் பாதிவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்த்து, அதை 2.5க்குக் கீழே வைத்திருப்பார்கள்.

சாப்பிடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் வாரப் பெட்டியில் தைராய்டு, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை ஒரே அறையில் அடுக்கி, காலையில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது பால் விட்ட கோப்பியோடு மொத்தமாக விழுங்குவார். ஒரு மாத்திரையும் தவறவில்லை, ஆனாலும் டிஎஸ்எச் ஏறிக்கொண்டே போனது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, கோப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் சாப்பிடுங்கள். இரும்பையும் சுண்ணாம்பையும் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். சோயாப் பாலுக்கும் அதே இடைவெளி போதும். வேகவைத்த முட்டைக்கோசைத் தாராளமாகச் சாப்பிடலாம். முடிக்காக பயோட்டின் மாத்திரை வாங்கியிருந்தால், அது தைராய்டுச் சோதனை முடிவையே குழப்பிவிடும் என்பதால் சோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்துங்கள். கடற்பாசி மாத்திரை வேண்டவே வேண்டாம்.

கரு தங்காது என்பது சிகிச்சை பெறாத, டிஎஸ்எச் மிக உயர்ந்த பெண்களைப் பார்த்துச் சொன்ன பழைய பேச்சு. அவர்களுக்கு முட்டை வெளியாவது தடைப்படுவதும் கருச்சிதைவு கூடுவதும் உண்மை. 2.1இல் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. டிபிஓ எதிர்ப்பொருள் உங்கள் சுரப்பி ஏன் களைத்தது என்பதைச் சொல்கிறது; அதற்கெனத் தனி மருந்து இல்லை, மறுபடி மறுபடி சோதிக்கவும் வேண்டாம். ஒருவேளை பட்டையில் ஒற்றைக் கோடுதான் வந்தால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால், ஓராண்டு முயன்றும் கருவுறாதவர்களுக்குச் செய்யும் பரிசோதனையை இருவரும் செய்துகொள்ளுங்கள், உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை உட்பட. எல்லாப் பழியையும் உங்கள் கழுத்தின் மேலேயே போடுவது நியாயமன்று.

இரத்தப்போக்கோ அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலியோ வந்தால் தைராய்டை மறந்துவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.