டைரி எழுதுவது நல்லது செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எட்டு மாதமாகப் போனில் ஒரு செயலியில் டைரி எழுதுகிறேன். தொடர்ந்து 41 நாள் எழுதினேன். ஊரில் ஒரு கல்யாணம், இரண்டு நாள் விட்டுப்போய் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அதிலிருந்து எழுதவே மனசு வரவில்லை. எழுதியதைப் புரட்டினால் எல்லா நாளும் ஒரே புலம்பல். இந்தப் பழக்கம் எனக்கு உதவுகிறதா என்று எப்படி அளப்பது?" மாதிரிக்கு ஒரு நாள் குறிப்பும் அனுப்பியிருந்தார்.

முதலில் அந்த 41. நீங்கள் செயலியைத் திறந்தீர்கள் என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற ஒரு சின்னப் பழக்கம் தானாக வர நடுவாக 66 நாள் ஆகும் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்றும் கணக்கிட்டார்கள். எனக்கு அதில் பிடித்த செய்தி வேறு: இடையில் ஒரு நாள் விட்டுப்போவது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால் விட்ட நாட்களை எண்ணாதீர்கள், விட்டபின் திரும்பி வர எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். போன தடவை பத்து நாள் ஆனது இந்தத் தடவை மூன்று நாளானால் பழக்கம் வேர் பிடிக்கிறது என்று அர்த்தம். எண்ணிக்கையை மறைக்கும் வசதி செயலியில் இருந்தால் இன்றே மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி தேதியை நீங்களே எழுதுங்கள். நாளுக்கு ஒரு பக்கம் என்று அச்சடித்த புத்தாண்டு டைரி மட்டும் வேண்டாம். பொங்கல் முடிவதற்குள் அதில் நாலு பக்கம் வெறுமையாகக் கிடந்து நம்மைக் குற்றவாளியாக்கிவிடும்.

இனி புலம்பல். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நீங்கள் அனுப்பிய குறிப்பு: "இன்றும் அதே கதை. வழக்கம்போல மேலதிகாரி கத்தினார். ஒன்றும் பிடிக்கவில்லை. தூக்கமும் இல்லை."

இதில் நேரமோ இடமோ இல்லை, அவர் என்ன சொன்னார் என்பது இல்லை, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதும் இல்லை. தேதியை மாற்றினால் இதை எந்த நாளிலும் ஒட்டிவிடலாம். 1980களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மனதைப் பாதித்த ஒரு விஷயத்தைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதும்படி மாணவர்களிடம் சொன்னார். நடந்ததையும் அதற்குத் தங்கள் மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த கையோடு கொஞ்சம் வாடித்தான் போனார்கள், ஆனால் அடுத்த மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. பிற்பாடு இப்படி எழுதியவர்களின் சொற்களை எண்ணிப் பார்த்தபோது, நாளுக்கு நாள் காரணம் சொல்லும் சொற்களும் 'புரிகிறது' வகைச் சொற்களும் யாருக்குக் கூடினவோ, அவர்களுக்குத்தான் அதிகப் பலன் தெரிந்தது.

இதை நம் தமிழிலேயே செய்யலாம், ஒரு பென்சில் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கடைசி முப்பது குறிப்புகளைப் படியுங்கள். 'அதனால்தான்', 'ஏனென்றால்', 'சொன்னதால்', 'இப்போதுதான் தெரிகிறது' என்று வரும் இடங்களுக்கு அடிக்கோடு போடுங்கள். 'வழக்கம்போல', 'எப்பவும் இப்படித்தான்', 'என்னமோ' இவற்றைச் சுற்றி வட்டம் போடுங்கள். போகப் போகக் கோடுகள் கூடினால் நல்லது. வட்டமாகவே இருந்தால், நீங்கள் எழுதவில்லை, அதே காயத்தைக் கிளறிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, மாற்றுவது எப்படி? மனநிலையை எழுதுவதற்கு முன் நடந்ததை எழுதுங்கள். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கப்பல் வரவையும் வியாபாரத்தையும் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சோடு பேசியதையும் விவரமாக எழுதினார், அந்த விவரங்களுக்கு நடுவில்தான் அவருடைய கவலையும் பெருமையும் தெரிகின்றன. உங்கள் குறிப்பையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'பதினொன்றரைக்குக் கூப்பிட்டார். பில்லில் ஒரு எண் தப்பு. எல்லார் முன்னாலும் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை, ஏனென்றால் பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம்.' நாலு வரிதான். கோபம் தப்பைச் சொன்னதற்கு இல்லை, எல்லார் முன்னாலும் சொன்னதற்கு என்று எழுதும்போதே பிடிபடும், அப்புறம் அவரிடம் என்ன கேட்கலாம் என்றும் யோசிக்க முடியும்.

இன்னொன்றையும் பாருங்கள்: யாராவது படித்துவிடுவார்களோ என்று எதையாவது விட்டுவிட்டு எழுதுகிறீர்களா? கூட்டுக் குடும்பத்தில் இந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயந்து மென்று விழுங்கி எழுதும் டைரி யாருக்கும் உதவாது. போனில் பூட்டு இருந்தால் போடுங்கள், அதுவும் நம்பிக்கை இல்லை என்றால் தனித்தாளில் எழுதிக் கிழித்துவிடுங்கள். உள்ளதை எழுதிக் கிழித்த தாள், மழுப்பி எழுதிப் பத்திரப்படுத்திய நோட்டைவிட உங்களுக்கு அதிகம் செய்யும்.

கடைசியாக, எழுதி ஒரு மணி நேரம் கழித்து மனம் எப்படி இருக்கிறது என்று ஓரத்தில் ஒரு சொல் குறியுங்கள். ஓரிரு நாள் கனமாக இருந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று வாரமாக எழுதும்தோறும் கனம் ஏறுகிறது, தூக்கமும் கெடுகிறது என்றால் அந்த விஷயத்தை எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். உங்கள் குறிப்பில் தூக்கம் இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. முப்பது குறிப்புகளைப் படிக்கும்போது அந்த வரி எத்தனை நாள் வந்திருக்கிறது என்பதையும் தனியாக எண்ணிவிடுங்கள். பாதி நாளுக்கு மேல் என்றால் டைரியைத் திருத்துவது அப்புறம், முதலில் அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.