மேன்முறையீடு கிடக்கும்போது பிணை, மீளாய்வு: கேள்வி பதில்

கல்லடி: அண்ணாவுக்கு மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் 7 வருடம் விதித்தது. மேன்முறையீடு போட்டாச்சு. அது முடியும்வரை வெளியில எடுக்கலாமா சேர்?

பதில்: கேட்கலாம் தங்கச்சி. ஆனா எடுத்த எடுப்பில கொழும்புக்கு ஓடாதீங்க. தண்டித்த அதே மேல் நீதிமன்றத்தில முதலில் பிணை கேளுங்க. இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 333ஆம் பிரிவு அதற்குத்தான். மறுத்தால், அந்தக் கட்டளைக்கு எதிராகக் கொழும்பு புதுக்கடையில மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மீளாய்வு மனு, அதாவது அந்தக் கட்டளை சரியா என்று திரும்பப் பார்க்கக் கேட்கிற மனு. இரண்டு இடத்திலயும் “விதிவிலக்கான சூழ்நிலை” காட்ட வேணும். தீர்ப்புப் பிழை என்று மட்டும் எழுதினால் அது மேன்முறையீட்டில பேச வேண்டிய கதை.

அக்கரைப்பற்று: வாப்பாவுக்கு சீனி, பிரஷர். இது போதாதா?

பதில்: போதாது தம்பி. சிறையிலயே மருந்து குடுக்கலாம் என்று அரச சட்டத்தரணி ஒரு வரியில முடிச்சிருவார். இன்ன சிகிச்சை, வாரத்தில இத்தனை தரம், சிறையில் வைத்துச் செய்ய இயலாது என்று விசேட வைத்திய நிபுணர் எழுதினால் கதை வேற. குடும்பக் கஷ்டம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் உள்ளே இருக்கிற எல்லாருக்கும் பொது. தாமதமும் அப்படித்தான்: வழக்குகள் குவிந்து வாற வழமையான தாமதம் எடுபடாது. 3 வருடத் தண்டனையில 2 வருடம் போயும் மேன்முறையீட்டு விசாரணை தொடங்கவில்லை என்றால், தவணை தவணையாகத் திகதி போட்டுக் காட்டுங்க.

களுவாஞ்சிக்குடி: மீளாய்வு மனுவை ஆவணக் குறையென்று தள்ளிட்டாங்க. என்ன குறை?

பதில்: 1990ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்ற விதிகளில் 3ஆம் விதி. குற்றப்பத்திரம், தீர்ப்பு, தண்டனை, பிணை மறுத்த கட்டளை இவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகளும் சத்தியக்கடதாசியும் (சத்தியம் செய்து ஒப்பமிடுகிற எழுத்து) மனுவோடயே போக வேணும். வெறும் போட்டோக்கொப்பி சரிவராது. பிரதி கிடைக்கவில்லையா, ஏன் என்று மனுவிலயே சொல்லி, பிறகு சேர்க்க அனுமதி கேளுங்க. சத்தியக்கடதாசியின் கடைசிப் பந்தியைத் திருப்பித் திருப்பிப் பாருங்க: ஆள் மட்டக்களப்புச் சிறையில, ஒப்பமிட்ட இடம் “கொழும்பு” என்று கிடக்கும். பழைய மாதிரியைக் கொப்பி பண்ணின வேலை. எதிர்த்தரப்புக்கு அது ஒன்றே காணும். வழக்கேடு தமிழில் என்றால் மொழிபெயர்ப்புக்கும் நாள் ஒதுக்குங்க.

கல்முனை: மச்சானை நீதிவான் நீதிமன்றம்தான் தண்டித்தது. ஆட்கொணர்வு மனு போடலாமா?

பதில்: அது சட்டவிரோதமாகத் தடுத்து வைத்தவருக்கு. அதிகாரமுள்ள நீதிமன்றம் தண்டித்தவருக்குப் பொருந்தாது. நீதிவான் தீர்ப்பு என்றால் மீளாய்வுக்குக் கொழும்பு போகத் தேவையில்லை. அரசியலமைப்பின் 154P உறுப்புரைப்படி மாகாண மேல் நீதிமன்றத்துக்கே அந்த அதிகாரம் இருக்கு.

ஏறாவூர்: மேல் நீதிமன்றத் தீர்ப்பு. மேன்முறையீட்டுக்கு 14 நாளில் 3 நாள்தான் மிச்சம். சட்டத்தரணி இல்லை.

பதில்: உள்ளே இருக்கிறவர் ஜெயிலரிடம் விருப்பத்தையும் காரணங்களையும் இன்றைக்கே சொல்லட்டும். மனுவைத் தயாரித்துத் தாக்கல் செய்வது ஜெயிலரின் கடமை, அதே சட்டக்கோவையின் 331ஆம் பிரிவு.

கல்லடி: பிணை கிடைக்காட்டி, உள்ளே இருக்கிற காலம் தண்டனையில கழியுமா சேர்?

பதில்: தானாகக் கழியாது. மேன்முறையீட்டாளராக உள்ளே இருக்கும் காலம், நீதிமன்றம் வேறுவிதமாகப் பணித்தால் தவிர, சேராது. பலர் கவனிக்காத இடம் இது. மேன்முறையீடு தோற்றாலும் தண்டனை தீர்ப்புத் திகதியிலிருந்து தொடங்க வேணும் என்று மேன்முறையீட்டு மனுவின் வேண்டுதலில ஒரு வரி போடச் சொல்லுங்க.