பைன் கட்டிட்டா கேஸ் முடிஞ்சிடுமா?

கேள்வி: வணக்கம் ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். என் மகனுக்கு 22 வயசு. 19 வயசுல கோயில் திருவிழாவுல ஒரு அடிதடி, செக்‌ஷன் 323ல கேஸ் போட்டாங்க. 1,500 வெள்ளி (ரிங்கிட்) பைன் கட்டி அன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். இப்ப பைலட் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வீட்டை வச்சு லோன் எடுக்கலாம்னு இருக்கோம். ஒருத்தர் அஞ்சு வருஷம் போனா ரெக்கார்ட் தானா அழிஞ்சிடும்ங்கறார், இன்னொருத்தர் கேஸ் இருந்தா இந்த ஜென்மத்துல பைலட் ஆக முடியாதுங்கறார். எதை நம்புறது?

பதில்: அம்மா, ரெண்டையும் நம்பாதீங்க. நான் கோர்ட்ல தமிழ் மொழிபெயர்ப்பாளரா ரொம்ப வருஷம் நின்னவன். உங்க மகன் மாதிரி எத்தனை பிள்ளைங்களுக்கு குற்றச்சாட்டைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டியிருக்கேன்னு கணக்கே இல்ல. பின்னாடி பெஞ்சுல அம்மா உக்காந்திருப்பாங்க, ஒரு நாள் சம்பளம் போச்சேன்னு ஒரு கவலை, பிள்ளை மறுபடியும் லோக்காப்புக்குப் போயிடுவானோன்னு ஒரு பயம், அதனால "ஒத்துக்கோடா, பைன் கட்டிட்டுப் போயிடலாம்"னு கண்ணாலயே சொல்லுவாங்க, பையனும் மெங்காக்கு சாலா, அதாவது குத்தத்தை ஒத்துக்கறேன்னு சொல்லிடுவான். அன்னிக்கு சாயங்காலம் வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி. ஆனா குத்தத்தை ஒத்துக்கிட்டு கோர்ட் போட்ட பைனைக் கட்டினா அது தண்டனைதான், போலிஸ்ல பேரு பதிவாகிடுது. நம்ம மலேசியாவுல 1969ஆம் வருஷத்து குற்றவாளிகள் பதிவுச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல ஏறின பேரு வருஷம் போச்சுன்னு தானா அழியறது இல்ல. இங்கிலாந்துல 1974லயே சின்னக் குத்தங்களை காலம் போனா மறக்கறதுக்கு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, அந்தக் கதையைக் கேட்டுட்டுத்தான் இங்கயும் அஞ்சு வருஷம்னு பேசிக்கிறாங்க.

பைலட் கனவு முடிஞ்சதாங்கறதுக்கு வரேன். லைசென்ஸ் குடுக்கிறது சிவில் ஏவியேஷன் அத்தோரிட்டி, சிஏஏஎம்னு சொல்றாங்களே அதுதான். 18 வயசு ஆகியிருக்கணும், பரீட்சை பாஸ் பண்ணணும், பறந்த மணி நேரம் சேரணும், கிளாஸ் 1 மெடிக்கல்ல (பைலட்டுக்கான உடல் பரிசோதனை) தேறணும், இங்கிலிஷ்ல குறைஞ்சது லெவல் 4 வேணும். இதையெல்லாம் தாண்டிடலாம், பழைய கேஸ் வந்து நிக்கிற இடம் பெரும்பாலும் அதுக்கப்புறம்தான். ஏர்லைன் வேலைக்கு எடுத்தாலும் ஏர்போர்ட் பாஸ் இல்லாம பிளேன் கிட்ட போக முடியாது. பாதுகாப்புப் பகுதிக்குள்ள தனியா போற எல்லாரோட பின்னணியையும், குற்றப் பதிவையும் சேர்த்து, பார்க்கணும்னு ஐக்காவோ, அதாவது உலக நாடுகளோட விமானப் போக்குவரத்து அமைப்பு, அதோட பாதுகாப்பு விதி அனெக்ஸ் 17 சொல்லுது, அதனால இந்தச் சோதனை எந்த நாட்டுலயும் உண்டு.

அடுத்தது விசா. இதை யாரும் யோசிக்கறதே இல்ல. அமெரிக்கா போற விமானத்துல வேலை செய்ய சி1டி விசா வேணும், அந்த பாரத்துல எப்பவாவது கைது ஆனியா, தண்டனை பெற்றியான்னு கேக்குறாங்க, மன்னிப்பு கிடைச்சிருந்தாலும் சொல்லணும். ஆஸ்திரேலியாவுல ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ ஜெயில் தண்டனை விதிச்சிருந்தா அதைப் பெரிய ரெக்கார்டா பார்க்குறாங்க, உங்க மகனுக்கு அது இல்ல. செக்‌ஷன் 323க்கு அதிகபட்சமே ஒரு வருஷ ஜெயில், இல்ல 2,000 வெள்ளி பைன், இல்ல ரெண்டும். வாங்கினது பைன் மட்டும், 19 வயசுல, ஒரே ஒரு தடவை. திருட்டு, ஏமாத்து, போதை, ஆயுதம் இதெல்லாம் மாதிரி கனமான விஷயம் இல்ல இது, இதை மட்டும் வச்சு எல்லாம் முடிஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவன் அதை மறைச்சான்னா நிலைமை வேற. அடிதடியை இளவயசுத் தப்புன்னு விட்டுடுவாங்க, பாரத்துல பொய் எழுதினவனை நம்பி முன்னூறு பேரை எப்படி அனுப்புவாங்க? வேலையில சேர்ந்து பத்து வருஷம் கழிச்சுத் தெரிஞ்சாலும் அது பொய்தான்.

பாரத்தை நிதானமா வாசிக்கச் சொல்லுங்க. டித்தாங்காப் (கைது ஆனது), டிடாக்வா (குற்றம் சாட்டப்பட்டது), டிசபிட்கான் (குற்றவாளின்னு தீர்ப்பு ஆனது), மூணும் வேற வேற. எதைக் கேக்குறாங்களோ அதுக்கு உண்மையைப் பதிலா எழுதணும்.

வீட்டை வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கும்மா. கேஸ் நடந்த கோர்ட் ரெஜிஸ்ட்ரியில நம்பர் குடுத்து குற்றச்சாட்டுத்தாளும் தீர்ப்புக் குறிப்பும் சர்டிஃபைட் காப்பி எடுங்க. 1,500 வெள்ளின்னு ஞாபகம் இருக்கு, ஆனா தாள்ல செக்‌ஷன் 323தானா வேற ஏதாவதான்னு நீங்களே கண்ணால பார்க்கணும். சில கேஸ்ல குத்தம்னு பதிவு பண்ணாமலே நன்னடத்தைப் பத்திரம் எழுதி விடுவாங்க, அது கிரிமினல் புரொசீஜர் கோட் 173ஏ, அப்படி இருந்தா கதையே மாறுது. அப்பீலுக்கு 14 நாள்தான், அது போயிடுச்சு, ஆனாலும் அந்தக் காப்பியை வக்கீல்ட காட்டி ஹை கோர்ட் மறுபரிசீலனைக்கு ஏதாவது வழி இருக்கான்னு கேளுங்க. ரெண்டாவது, கிளாஸ் 1 மெடிக்கலை முதல்ல எடுக்கச் சொல்லுங்க. படிப்புக்கு மூணு லட்சம் வெள்ளிக்கு மேல போகும், கண்ணுலயோ காதுலயோ பிரச்சனைன்னு பாதியில தெரிஞ்சா வீடு போயிடும், கேஸை விட அது எனக்குப் பெரிய பயமா இருக்கு.

இதை வாசிக்கிற மத்த அம்மா அப்பாவுக்கு ஒண்ணு. பிள்ளை பிடிபட்டா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, ஒத்துக்கறதுக்கு முன்னாடி, வக்கீல் கேளுங்க. யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் (தேசிய சட்ட உதவி அறக்கட்டளை) 2012ல இருந்து கைதான மலேசியர்களுக்கு இலவசமா வக்கீல் குடுக்குது. ஸ்டேஷன்லயே கேக்கலாம், ரிமாண்ட் நேரத்துலயும் கேக்கலாம். அன்னிக்கு அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்த அம்மாக்கள் கிட்ட இதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, மொழிபெயர்க்க மட்டும்தான் அனுமதி. இன்னும் மனசு உறுத்துது.

கேள்வி: ஐயா, போதைக்கு எடுத்த யூரின் டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்து செக்‌ஷன் 15(1)(ஏ)ல பைன் கட்டினேன், 20 வயசு. எனக்கும் பைலட் ஆக வழி உண்டா?

பதில்: தம்பி, உனக்கு இது கஷ்டம்டா, மறைக்காம சொல்றேன். அந்தச் செக்‌ஷனுக்கு 5,000 வெள்ளி வரைக்கும் பைன் இல்ல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அதுக்கப்புறம் மேற்பார்வையும் இருக்கு, அதை ஒழுங்கா முடி. கேஸை விட மெடிக்கல்தான் உனக்குப் பெரிய தடை, போதைப் பழக்கம் இருந்ததான்னு டாக்டர் கேப்பார், உண்மையைத்தான் சொல்லணும். மேற்பார்வை முடியறதுக்கு முன்னாடி ஒரு காசு கூட ஃபிளையிங் ஸ்கூலுக்குக் கட்டாதே. ஏவியேஷன் மெடிக்கல் பார்க்கிற டாக்டரை நேர்ல போய்ப் பாரு, உன் ஃபைலோட போ.

கேள்வி: வேகமா ஓட்டினதுக்கு ஸ்பீட் சமான் (அபராதத் தாள்) நாலு இருக்கு, அதுவும் ரெக்கார்டா?

பதில்: கோர்ட்டுக்குப் போகாம கம்பவுண்டா கட்டினா கோர்ட் தண்டனை கிடையாது. கட்டாம விட்டு கோர்ட்டுக்குப் போச்சுன்னா வாரண்ட் வரைக்கும் இழுக்கும். குடிச்சிட்டு ஓட்டின கேஸ்னா அது வேற, அதைத் தனியா எழுதி அனுப்புங்க. இந்த நாலையும் இந்த வாரமே கட்டிட்டு ரசீதைப் பத்திரமா வைங்க.