புயலை அடக்கியவர் தனுஷ்கோடியில் எங்கே போனார்?

கேள்வி: இயேசு கடலை அதட்டினார், காற்று அடங்கியது என்று கோயிலில் வாசிக்கிறார்கள். அப்புறம் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி சர்ச்சே இடிந்ததே, அது யார் செய்த பாவம்?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: யார் பாவமும் இல்லை. பைபிளில் லூக்கா 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். யோனா கதையில் கடவுள்தான் புயலை அனுப்புகிறார், சரி. அதற்காக வங்கக்கடலில் உருவாகிற ஒவ்வொரு புயலுக்கும் நாம் தீர்ப்பு எழுத முடியாது. (செத்தவர் வீட்டில் போய் இதைப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.) விசுவாசிக்குக் கடலில் ஆபத்தே வராது என்றும் பைபிள் சொல்லவில்லை, இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் மூன்று தடவை கப்பல்சேதத்தில் சிக்கியதாக அவரே எழுதுகிறார், அப்போஸ்தலர் 27-இல் 276 பேரும் பிழைத்துக் கரை சேர்கிறார்கள், கப்பல் நொறுங்கிப்போகிறது. மாற்கு 4-இல் சீடர்கள், நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கத்துகிறார்கள். நீங்கள் கேட்பதும் அதேதான், தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: கத்தோலிக்க பைபிளில் மட்டும் ஏன் புத்தகங்கள் அதிகம்?
– மண்டபம் வாசகி

பதில்: அங்கே 73, புராட்டஸ்டன்ட் பைபிளில் 66. புதிய ஏற்பாட்டின் 27 இருவருக்கும் ஒன்றே. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற பழைய ஏற்பாட்டு நூல்களில்தான் வித்தியாசம்.