பெடலும் பீடியாட்ரிஷியனும் உறவா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் வாராவாரம், குறிப்பிட்ட சில எழுத்துகள் பொதுவாக வரும் ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்துப் பொருள் படித்துவரச் சொல்கிறார்கள். இந்த வாரம் பி, ஈ, டி (p, e, d) என்ற மூன்று எழுத்துகள். இருபது சொற்களை இரவு உருப்போட்டுவிட்டு, காலையில் பாதியை மறந்துவிடுகிறான். நான் திருநெல்வேலியில் தமிழ் வழியில் படித்தவள். எழுத்து ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாக இருக்குமா? எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: சில சொற்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இரண்டு பேருக்கு இனிஷியல் ஒன்றாக இருப்பதாலேயே அவர்கள் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுவதில்லை அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும். ஆகவே இருபது சொற்களையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன், அவற்றில் யார் யார் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று மகனையே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி கொடுத்திருக்கும் இந்த மூன்று எழுத்துகள் அதற்கு மிகவும் ஏற்றவை.

முதல் குடும்பம் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே இந்த எழுத்துகளுக்குப் பொருள் 'கால்'. சைக்கிளில் காலால் மிதிப்பது பெடல். காலால் நடந்து போகிறவர் பெடஸ்ட்ரியன். பாதங்களுக்குச் செய்யும் பராமரிப்பு பெடிக்யூர். உங்கள் வீட்டுக் கூடத்தில் பெடஸ்டல் ஃபேன் இருந்தால் அதன் அருகிலேயே பையனை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அது ஒற்றைக் காலில் நிற்பதைக் கண்ணால் பார்த்தவனுக்குப் பீடம் என்ற பொருளைத் தனியாக உருப்போட வேண்டியிருக்காது. சென்டிபீட் என்பது நம் பூரான். பெயருக்கு நூறு கால் என்று பொருள் என்றாலும், வளர்ந்த பூரானின் கால் இணைகள் எப்போதும் ஒற்றைப்படை எண்ணிக்கையிலேயே இருப்பதால், சரியாக 100 கால் கொண்ட பூரானைப் பார்க்கவே முடியாது. பையன்கள் இப்படிப்பட்ட செய்தியை மறப்பதில்லை என்பது என் அனுபவம்.

கடினமாகத் தோன்றும் இரண்டு சொற்களும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கின்றன. இம்பீட் என்றால் தடை செய்தல்; மூலப்பொருள், காலில் விலங்கு பூட்டுவது. எக்ஸ்பெடைட் என்றால் விரைவுபடுத்துதல். மூலப்பொருள், காலில் பூட்டிய விலங்கை அவிழ்த்துவிடுவது. ஊர் சுற்றும் பிள்ளைக்கு ஒரு 'கால்கட்டு' போட வேண்டும் என்று பெரியவர்கள் பேசும் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு, இந்த இரண்டையும் விளக்க அகராதியே தேவையில்லை. பெடிகிரி என்பதும் கால்தான், ஆனால் கொக்கின் கால். வம்சாவளி அட்டவணையில் ஒருவரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிரியும் கோடுகள் கொக்கின் காலடி போல இருந்ததால் அப்படி ஒரு பழைய பிரெஞ்சுப் பெயர் ஏற்பட்டு, பிறகு அது பரம்பரையையே குறிக்கலாயிற்று.

மும்பையில் இருப்பதில் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அடுத்த முறை ரயில் நிலையத்தில் மேம்பாலம் ஏறும்போது பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். மராத்தியில் 'பாத்சாரி பூல்' என்றும், ஆங்கிலத்தில் 'ஃபுட் ஓவர் பிரிட்ஜ்' என்றும் எழுதியிருப்பார்கள். சமஸ்கிருதத்திலிருந்து மராத்திக்கும் தமிழுக்கும் வந்த 'பாத', லத்தீனின் 'பெட்', ஆங்கிலத்தின் 'ஃபுட்' ஆகிய மூன்றுமே ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. இம்மொழிகளுக்குள் இப்படி ஓர் உறவு இருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி 1786இல் கல்கத்தாவில் எடுத்துரைத்தார். ஆங்கிலம் அடங்கிய கிளையில் பழைய 'ப' ஒலி 'ஃப' ஆகவும், 'த' என்பது 'ட' ஆகவும் மாறியதால்தான் பிதாவுக்கு ஃபாதரும், பஞ்ச என்பதற்கு ஃபைவும், தச என்பதற்கு டென்னும் உறவாகின்றன. ஆனால் கால், அடி ஆகியவை தமிழுக்கே உரியவை. அவற்றுக்கும் ஆங்கிலத்தில் சொந்தம் தேடிப் புறப்பட வேண்டாம்.

இரண்டாவது குடும்பத்தில்தான் மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள். இது கிரேக்க மொழியிலிருந்து வந்தது; இங்கே பொருள் 'குழந்தை'. பீடியாட்ரிஷியன் குழந்தை மருத்துவரே அன்றி, கால் மருத்துவர் அல்லர். பெடகாக் என்றால் ஆசிரியர்; பண்டைய கிரேக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற அடிமையைக் குறித்த சொல் அது. ஆர்த்தோபெடிக் மருத்துவர் எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுப் போடுவதைப் பார்த்திருப்பதால், அது நிச்சயம் கால் குடும்பம் என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். உண்மையில் 1741இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடல் கோணல்களை நிமிர்த்தும் முறைகளைப் பற்றி எழுதிய நூலுக்காக 'நேர்', 'குழந்தை' என்ற பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உருவாக்கிய பெயர் அது.

இந்த இரு குடும்பங்களையும் பிரித்தறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் குழந்தைக் குடும்பத்தின் பல சொற்களில் பி-க்கும் ஈ-க்கும் நடுவில் ஓர் ஏ வரும். அமெரிக்க முறை அதைக் கழித்துவிட்டதால்தான் இவ்வளவு குழப்பம். மருத்துவமனைப் பலகைகளில் இரண்டு விதமாகவும் எழுதியிருப்பதைப் பையனோடு சேர்ந்து கவனியுங்கள். பெடகாக் போன்ற சொற்களில் மட்டும் பிரிட்டிஷ்காரர்களும் அந்த ஏ-யை எழுதுவதில்லை.

எந்தக் குடும்பத்திலும் சேராத சொற்களும் உண்டு. ஜம்ப்ட், ஸ்டாப்ட் போன்றவற்றின் கடைசியில் இதே மூன்று எழுத்துகள் வந்தாலும், அங்கே பி என்பது வினைச்சொல்லோடு சேர்ந்தது, மீதி இரண்டும் இறந்தகாலத்தைக் காட்டும் விகுதி. மும்பையில் உள்ள பெடர் ரோடு என்ற சாலையின் பெயரிலும் அதே எழுத்துகள்தாம். அது ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பெயர், நடைபாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நோட்டில் ஒரு பக்கத்துக்குக் 'கால்' என்றும், எதிர்ப்பக்கத்துக்குக் 'குழந்தை' என்றும் தலைப்பிட்டு, சேராதவற்றுக்குக் கீழே சிறிது இடம் விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, 'கால்' என்று வைத்தால் பொருள் நிற்கிறதா, 'குழந்தை' என்று வைத்தால் நிற்கிறதா என்று அவனே சொல்லிப் பார்த்து எழுத வேண்டும். ஐயம் வரும் இடங்களில் மட்டும் நல்ல ஆங்கில அகராதியில் சொற்பிறப்பு தரப்பட்டிருக்கும் பகுதியைப் பார்த்தால் போதும். ஒரே இரவில் இருபதையும் முடிக்காமல், நாளுக்கு ஐந்து என்று நான்கு நாள் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: தேர்வில் இன்றைய பொருளைத்தான் எழுத வேண்டும். பெடிகிரி என்ற சொல்லுக்கு எதிரே 'கொக்கின் கால்' என்று எழுதிவிட்டு வந்தால், எந்த ஆசிரியரும் மதிப்பெண் போடமாட்டார்.